பட்டை கூட்டினால் பிரேக் கூடுமா?

வரி பற்றியும் உரிமம் பற்றியும் எடைக்கல் முத்திரை பற்றியும் நமது இதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. நம் சரக்கைச் சுமந்து செல்லும் சின்ன வண்டியைப் பற்றி மட்டும் நாம் பேசுவதே இல்லை. மண்டியிலிருந்து கடைக்கும், டவுனிலிருந்து கிராமத்துக்கும் இன்று மளிகைச் சரக்கு போவது பெரும்பாலும் பிக்-அப் வண்டியிலும் குட்டியானையிலும்தான். 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்த பிறகு, மாட்டு வண்டியும் தட்டு ரிக்‌ஷாவும் செய்துவந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாக இந்த வண்டிகளுக்குப் போய்விட்டது. வண்டி மாறியது, நாம் ஏற்றும் முறை மாறவில்லை. இடம் இருக்கிறவரை ஏற்று, கயிறு எட்டுகிறவரை கட்டு என்பதுதான் இன்றைக்கும் வழக்கம்.

எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் காலை 11 மணிக்குப் போய் நின்றால் இதைக் கண்ணால் காணலாம். வண்டியின் பின்பக்கம் தரையை நோக்கி அமுங்கிவிட்டால் வண்டிக்காரர் அடுத்த வாரமே ஸ்பிரிங் பட்டறைக்குப் போகிறார். பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பட்டை கூட்டிக்கொண்டு வருகிறார். "வண்டியை லோடுக்குத் தயார் பண்ணியாச்சு முதலாளி, இப்போ 40 மூட்டை ஏத்தலாம்" என்கிறார். நாமும் மகிழ்ச்சியோடு ஏற்றுகிறோம்.

பட்டை கூட்டினால் வண்டி தயாராகிவிட்டதா என்பதுதான் என் கேள்வி. இல்லை என்பது என் பதில். அதைவிட முக்கியமாக, இந்தப் பழக்கத்துக்குக் காரணம் வண்டிக்காரர் அல்ல, வாடகை கொடுக்கும் நாம்தான் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

பட்டை செய்வதும் செய்யாததும்

ஸ்பிரிங் பட்டையின் வேலை, பாரத்தைத் தாங்கி, சாலையின் குலுக்கலை வாங்கிக்கொள்வது. பட்டை கூட்டினால் வண்டி அமுங்காது. அவ்வளவுதான். பிரேக் பழைய பிரேக்தான். பின் அச்சு, சக்கர பேரிங், சேஸிஸ், டயர் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியேதான் இருக்கின்றன. சரியான பாரத்தில் வண்டி கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். அளவுக்கு மீறி அமுங்கினால் அது வண்டி நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. பட்டை போட்டு அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்துவிடுகிறோம்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பல பிக்-அப் வண்டிகளில் பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை எல்.எஸ்.பி.வி. என்பார்கள். வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை ஒரு கம்பியின் மூலம் அளந்துதான் அந்த வால்வு பாரத்தை அறிகிறது. வண்டி அமுங்கினால், 'பாரம் அதிகம்' என்று பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைக் கூட்டும். நிமிர்ந்து நின்றால், 'வண்டி காலி' என்று குறைக்கும். பட்டை கூட்டிய வண்டி 2 டன் ஏற்றினாலும் நிமிர்ந்துதான் நிற்கிறது. வால்வு ஏமாந்துபோகிறது. பாரம் அதிகமான நேரத்தில், பின் பிரேக் குறைவாகப் பிடிக்கிறது. பிரேக்கைக் கூட்டாததோடு, இருந்த பிரேக்கையும் குறைத்துவிடுகிறது நாம் போட்ட பட்டை. பட்டறைக்காரர் இதைச் சொல்லமாட்டார்; அவர் கேட்ட வேலையைச் செய்து கொடுக்கிறார்.

மூட்டைக் கணக்கல்ல, எடைக் கணக்கு

எந்த வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் வண்டியின் மொத்த எடை ஒன்றும், வெறும் வண்டியின் எடை ஒன்றும் போட்டிருக்கும். மொத்த எடையில் வெறும் எடையைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய பாரம்.

ஆனால் அது முழுவதும் சரக்குக்கு அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வெறும் வண்டி எடையில் டிரைவரும் உதவியாளும் சேரமாட்டார்கள். அவர்கள் எடையையும் பாரத்தில்தான் கழிக்க வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஆர்.சி.யில் மொத்த எடை 2,800 கிலோ, வெறும் எடை 1,600 கிலோ என்று இருந்தால் மீதம் 1,200 கிலோ. டிரைவரும் ஒரு லோடுமேனும் சேர்ந்து 130 கிலோ என்றால் சரக்குக்கு இருப்பது 1,070 கிலோ. 50 கிலோ சர்க்கரை மூட்டையானால் 21. அந்த வண்டியில்தான் நாம் 40 மூட்டை ஏற்றி அனுப்புகிறோம். ஆள் எடையும் சேர்த்து 2,130 கிலோ. வண்டியோடு 3,730 கிலோ. இருக்க வேண்டியதைவிட 930 கிலோ அதிகம், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

மூன்றில் ஒரு பங்கு கூடினால் என்ன ஆகும்? பிரேக்கின் பலம் மாறாது என்று வைத்துக்கொண்டால், நிற்கும் தூரமும் மூன்றில் ஒரு பங்கு நீளும். 12 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 16 மீட்டரில் நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும் என்பது வேறு. கிராமத்துச் சாலையில் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளை அந்த 4 மீட்டருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாம் மூட்டையை எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் மூட்டையின் எடை நிலையாக இருப்பதில்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பேக் செய்த அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பின் பல ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தது நமக்கெல்லாம் தெரிந்ததே. 60 சிப்பம் ஏற்றினால் பழைய கணக்கைவிட 60 கிலோ கூடிவிடுகிறது. எண்ணிக்கை அதேதான், பாரம் அதே அல்ல. அதேபோல் வத்தல் மூட்டை கண்ணுக்கு மலைபோல் தெரியும், எடை இருக்காது. உப்பும் சர்க்கரையும் வண்டியில் பாதி உயரம்கூட வராது. அதற்குள் பாரம் முடிந்துவிடும். கண்ணால் பார்த்து ஏற்றுகிறவன் உப்பில்தான் ஏமாறுவான்.

மயில் இறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதை நாம் பள்ளியில் படித்தோம். நாம் ஏற்றுவது இறகு அல்ல.

வண்டியில் பார்க்க வேண்டியவை

லோடுக்கு வண்டியைத் தயார் செய்வது என்றால் உண்மையில் என்ன? சொந்த வண்டி வைத்திருப்பவர்களும், மாத வாடகைக்கு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டியவை சில.

முதலில் டயர். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கும் பாரத்தின் குறியீடு. 96 என்றால் 710 கிலோ, 100 என்றால் 800 கிலோ. பின் சக்கரம் இரண்டும் 96 குறியீட்டு டயராக இருந்தால் பின்பக்கம் தாங்குவது 1,420 கிலோ, அவ்வளவே. விலை குறைவு என்று குறியீடு குறைந்த டயரை மாட்டினால், பட்டை எத்தனை கூட்டியும் பயனில்லை. காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் நசுங்கி நசுங்கிச் சூடேறும். சித்திரை வெயிலில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வெயில் மட்டுமல்ல. குறைந்த காற்றும் கூடிய பாரமும் அதோடு சேர்கின்றன. சூடான டயரில் காற்று அதிகமாகக் காட்டுகிறது என்று இறக்கிவிடுவதும் தவறு.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அதுவே 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மலையிறக்கத்தில் பிரேக் டிரம் கொதிக்கும்போது ஆயிலும் கொதித்து ஆவியானால், மிதித்தால் பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. 'பிரேக் பெயிலியர்' என்று பத்திரிகையில் வரும் செய்திகளில் சில இப்படிப்பட்டவையே. ஆயில் குறைந்தால் ஊற்றுவது மட்டும் போதாது. கம்பெனி சொன்ன காலத்தில் முழுவதும் மாற்ற வேண்டும்.

எங்கள் பக்கம் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. போகும்போது மளிகைச் சரக்கு, வரும்போது மிளகும் பலாவும் வாழையும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். எஞ்சின் பிடித்திருந்தால்தான் பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால், பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்குவம் உதவியும் நின்றுபோகும்.

மூன்றாவது, ஏற்றும் முறை. இது முழுக்க முழுக்க நம் குடோன் வாசலில் நடக்கிற வேலை. கனமான மூட்டை கீழே, கேபின் பக்கமாக வர வேண்டும். பின் கதவைத் திறந்து சங்கிலியில் தொங்கவிட்டு, அதன் மேலும் நான்கு மூட்டை வைப்பதைப் பார்க்கிறோம். பின் சக்கரத்துக்குப் பின்னால் ஏறுகிற ஒவ்வொரு மூட்டையும் முன் சக்கரத்தைத் தூக்கும். துலாக்கோல் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஸ்டியரிங் லேசாகும். திருப்பிய பக்கம் வண்டி திரும்பாது.

ஐந்து கடைக்குச் சரக்கு போகிறது என்றால், முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்றுகிறோம். சரிதான். ஆனால் இரண்டு கடை இறக்கிய பின் மிச்சச் சரக்கு ஒரே பக்கமாக நின்றால் வளைவில் வண்டி சாயும். அங்கேயே ஐந்து நிமிடம் நின்று மூட்டையை மாற்றி அடுக்கச் சொல்ல வேண்டும். எண்ணெய் டின்கள் தகரத்தின் மேல் வழுக்கும். சாக்கு விரித்து, கயிறு போட்டுக் கட்டாமல் அனுப்பக் கூடாது.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

"பிடித்தால் வண்டிக்காரன் கட்டட்டும்" என்கிற எண்ணம் நம்மில் பலரிடம் உண்டு. 2019-ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய் வீதமும் விதிக்கிறது. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. இறக்கினால்தான் வண்டி நகரும். அந்தப் பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்கிறவரையும், ஓட்ட விடுகிறவரையும் சேர்த்தே சொல்கிறது. வண்டியை எடை போட நிறுத்தச் சொல்லி நிறுத்தாமல் போனால் 40,000 ரூபாய். எடை மேடை இல்லாத சாலை என்று நினைக்கவும் முடியாது. போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் உள்ள எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்ல அதிகாரிக்கு 114-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. வண்டியில் இருக்கும் நம் பில்லில் எத்தனை மூட்டை, என்ன எடை என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மூட்டையின் மேல் வழியில் ஏறுகிறவர்களை உட்கார வைப்பதும் நிற்க வேண்டும். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்குக்கு உரியவரோ அவருடைய பிரதிநிதியோ உடன் போகலாம், மற்றவர் கூடாது.

இன்னொன்று. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை, இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. நமக்கு இது நல்ல வசதி. கடைப் பையனிடம் கார் லைசென்ஸ் இருந்தால் வண்டியை அனுப்பலாம். ஆனால் லைசென்ஸ் இருப்பது வேறு, 1 டன் பாரத்தோடு தொப்பூர் கணவாய் இறங்கத் தெரிவது வேறு. வசதி கூடிய அளவுக்கு நம் பொறுப்பும் கூடியிருக்கிறது.

நடை வாடகைதான் வேர்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் தொழிலில் ஏற்றுக்கூலி மூட்டைக்கு. இறக்குக்கூலி மூட்டைக்கு. தரகு குவிண்டாலுக்கு. வெளியூர் லாரி வாடகை டன்னுக்கு. உள்ளூர் சின்ன வண்டிக்கு மட்டும் வாடகை நடைக்கு. ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசிவிட்ட பிறகு, 21 மூட்டை ஏற்றினாலும் 40 ஏற்றினாலும் நமக்குச் செலவு ஒன்றுதான். அப்படியானால் எந்த வியாபாரி 21-ல் நிறுத்துவார்? வண்டிக்காரர் வேண்டாம் என்று சொல்லலாமே என்பீர்கள். பல ஆண்டுகளாக நம் பஜாரில் ஓட்டுகிற ஒருவரிடம் கேட்டேன். "நான் வேண்டாம்னா அடுத்த வண்டி நிக்குது முதலாளி" என்றார். வாடகை வண்டி வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். அதனால் அவர் பட்டை கூட்டுகிறார். பட்டைக்கும் செலவு அவருடையது, டயர் தேய்வதும் அவருக்கு, ஆபத்தும் அவருக்கு. மிச்சம் மட்டும் நமக்கு.

மிச்சம் எவ்வளவு என்றும் கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு நடைக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 21 மூட்டை, அதாவது 1,050 கிலோவுக்கு அது கிலோவுக்கு 1 ரூபாய் 43 காசு. 40 மூட்டை, 2,000 கிலோவுக்கு 75 காசு. வித்தியாசம் 68 காசு. சர்க்கரை வியாபாரத்தில் கிலோவுக்கு 68 காசு சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். அந்த 68 காசுக்காகவே வாடிக்கை கைமாறிப் போவதையும் பார்த்திருக்கிறோம். சில்லறைக் கடைக்காரருக்கு அது இன்னும் பாரமானது.

ஆனால் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். ஒன்று, 2 டன் சரக்குக்கு இரண்டு நடை அடிப்பது மட்டும் வழி அல்ல; 2 டன் தாங்குகிற பெரிய வண்டியைப் பேசுவதும் ஒரு வழி. அதன் வாடகை இரண்டு மடங்காக இருக்க வேண்டியதில்லை. ஒரே சாலையில் உள்ள கடைகளுக்கு வாரத்தில் குறித்த நாளில் சேர்த்து அனுப்பினால் வித்தியாசம் இன்னும் குறையும். இரண்டு, ஒருவர் மட்டும் முறையாக ஏற்றினால் அவருக்கு நஷ்டம். எல்லோரும் முறையாக ஏற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. எடைக்கல்லும் அப்படித்தான். முத்திரை எல்லோருக்கும் பொது என்பதால்தான் சரியாக நிறுப்பவர் பிழைக்கிறார். தனி வியாபாரியால் முடியாத இந்தக் காரியம் சங்கத்தால் முடியும்.

எனவே சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் நான் வைக்கும் யோசனைகள் இவை:

1. உள்ளூர் சின்ன வண்டி வாடகையையும் குவிண்டால் கணக்கில் பேச வேண்டும். அரை வண்டிச் சரக்குக்குக் குறைந்தபட்ச வாடகை ஒன்று இருக்கட்டும்.

2. குவிண்டால் வாடகை வந்தால் வண்டிக்காரருக்கே அதிகம் ஏற்றும் ஆசை வரும். ஆகவே ஆர்.சி.யில் உள்ள பாரத்துக்கு மேல் ஏற்றியதற்கு வாடகை கிடையாது என்றும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் ஒன்றாலும் பயனில்லை.

3. ஒவ்வொரு குடோன் வாசலிலும் ஒரு பலகை வைக்கலாம். வாடிக்கையாக வரும் வண்டிகளின் எண், ஏற்றக்கூடிய கிலோ, அது சர்க்கரையில் எத்தனை மூட்டை, அரிசியில் எத்தனை சிப்பம், எண்ணெயில் எத்தனை டின் என்று எழுதிவிட்டால் கணக்குப்பிள்ளைக்கும் லோடுமேனுக்கும் வாதம் இருக்காது.

4. பில்லின் அடியில் மொத்த எடையைக் கிலோவில் போடும் வழக்கத்தை எல்லோரும் கொண்டுவர வேண்டும்.

5. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முன்பு, வட்டார மெக்கானிக்குகளை அழைத்து நம் சரக்கு ஏற்றும் வண்டிகளின் பிரேக், டயர், பிரேக் ஆயில் பார்க்கும் முகாமை சங்கச் செலவில் நடத்தலாம். வண்டிக்குப் பொட்டு வைப்பதற்கு முன் பிரேக்கைப் பார்ப்பதும் பூஜைதான்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்கக்கூடும். 100 கிலோ மூட்டையை முதுகில் சுமந்த காலத்தை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். இன்று 50 கிலோ மூட்டையும் 26 கிலோ சிப்பமும்தான் பெரும்பாலும். மூட்டை சிறிதானதால் வியாபாரம் நின்றுவிடவில்லை. மனிதன் முதுகுக்கு ஓர் அளவு உண்டு என்று ஒப்புக்கொண்ட நாம், வண்டியின் முதுகுக்கும் ஓர் அளவு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுவில் வாடகை முறை பற்றி விவாதிக்க நேரம் ஒதுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒன்று செய்யலாம். நாளைக் காலை உங்கள் குடோனுக்கு வரும் முதல் வண்டியின் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். மொத்த எடையிலிருந்து வெறும் எடையையும் ஆள் எடையையும் கழியுங்கள். வருகிற எண்ணைக் கணக்குப்பிள்ளையிடம் எழுதிக் கொடுங்கள். அந்த எண்ணிக்கை வந்ததும் லோடுமேன் கையை நிறுத்தச் சொல்லுங்கள்.